கி.பி. 2020, கொருக்குப்பேட்டை கேட்

மணி அடித்து இருபத்திரண்டு நிமிடம்.
எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ,
அதற்கு முன்னால் கழிவுநீர் லாரி,
அதற்கும் முன்னால்
கேட்டுக்கு அடியில் குனிந்து போகிறவர்கள்:
சைக்கிளைச் சாய்த்து, புடவையை இடுக்கிக்கொண்டு,
மீன்கூடையை முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு.

கைப்பேசிக்குள் இருக்கிற பெண் சொல்கிறாள்:
"நானூறு மீட்டர் நேராகச் செல்லவும்."
அவளுக்குத் தண்டவாளம் தெரியும்.
கேட் தெரியாது.

எண்பத்தொன்பதில் நான் ஒரு கதை எழுதினேன்.
மணலி உரக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா,
நைட் ஷிப்ட்,
இண்டென்ட் படிவங்களின் பின்பக்கம்.
கதை நடக்கிற வருஷம் இரண்டாயிரத்து இருபது,
நடக்கிற இடம் இதே கொருக்குப்பேட்டை.
எழுபத்தைந்து ரூபாய் மணியார்டர் வந்தது.

அதில் இந்த கேட் இல்லை.
தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டிருந்தேன்.
தலைக்கு மேல் தட்டு வடிவத்தில் பஸ்கள்,
தண்டையார்பேட்டையிலிருந்து சந்திரனுக்கு நேரடி சர்வீஸ்.
படியில் தொங்கினால் அபராதம் என்று ஒரு வரி வைத்தேன்,
ஆசிரியர் வெட்டிவிட்டார்.

நாயகன் மகிழ்மாறன்-9
சந்திரனிலிருந்து இறங்கியதும்
மனைவிக்குத் தகவல் சொல்ல வேண்டும்.
என்ன செய்தான் தெரியுமா?
பெட்டிக்கடை சிவப்பு டெலிபோனில்
ஒரு ரூபாய் போட்டான்.
சில்லறை இல்லாமல் கடைக்காரரிடம் கெஞ்சினான்,
அணுவை விரலால் பிளக்கிறவன்.

சோறு கிடையாது, மாத்திரைதான்.
காலையில் நீலம், ராத்திரி மஞ்சள்.
அதனால் கழிப்பறை இல்லை.
கழிப்பறை இல்லாததால் சாக்கடை இல்லை.
சாக்கடையே இல்லாதபோது
அதில் இறங்க ஆள் எதற்கு?
எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டேன்
ஒரே பத்தியில்.

லாரி மேல் லோகு குந்தியிருக்கிறான்.
எங்கள் தெரு அடைத்துக்கொண்டால் வருகிறவன்.
பிளாஸ்டிக் கவரிலிருந்து பன் தின்றுகொண்டே
போனில் எதையோ பார்த்துச் சிரிக்கிறான்.

ரோபோ ஒன்றும் வைத்திருந்தேன் கதையில்.
எல்லாம் செய்யும், கவிதை மட்டும் வராது.
கடைசிப் பக்கத்தில் அதற்காக அழும்.
தானும் அழுததாக
அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதினார்.
போன வாரம் தங்கை மகள் நிச்சயதார்த்தம்.
போனிடம் கேட்டார்கள், வாழ்த்துப்பா வந்தது,
மூன்று விநாடி,
எதுகை மோனை எதுவும் தப்பவில்லை,
அது அழவும் இல்லை.

லோகுவின் மடியில் சுருட்டி வைத்த கயிறு.

சரக்கு வண்டி வருகிறது, அத்திப்பட்டுப் பக்கமிருந்து.
எண்ணெய் டாங்கிகள்.
ஐம்பத்தாறு வரை எண்ணி விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
கதையில் பறக்கிற தண்ணீர் லாரி ஒன்று
வாரத்துக்கு இரண்டு முறை தெருவில் இறங்கும்.
பெண்கள் குடத்தோடு ஓடுவார்கள்,
முந்தினவளைப் பிந்தினவள் திட்டுவாள்.
அதை நான் யோசித்து எழுதவில்லை.
தெரு என்று எழுதியதும்
கை தானாகக் குடங்களை வரிசை வைத்துவிட்டது.
லாரியைப் பறக்கவிட்டவனுக்கு
வரிசையைக் கலைக்கத் தோன்றவில்லை.

பலித்தது அது ஒன்றுதான்.

கேட் பாதி ஏறுகிறது.
எல்லா வண்டிகளும் உறுமுகின்றன.
மறுபடி மணி.
பாதி ஏறினது இறங்குகிறது.
யாருக்கும் ஆச்சரியமில்லை.
லோகு திரும்பிப் பார்த்துக் கத்துகிறான்:
"இன்னொண்ணு வருது சார்,
வண்டிய ஆப் பண்ணு,
பெட்ரோல் இன்னா சும்மாவா வருது?"

அணைத்தேன்.
கதையின் முதல் வரி ஞாபகத்துக்கு வந்தது:
'இப்போது யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை.'
அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன்.
அதற்குள் அவன் மேலேயிருந்து
பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டினான்.

இறங்கிப் போய் வாங்கிக்கொண்டேன்.
உள்ளே கொஞ்சம் சர்க்கரை,
அங்கங்கே ஒரு டூட்டி ப்ரூட்டி,
ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.